‘பிரிஸ்கிரைப்’ என்பதைத் தமிழில் எழுதுவது எப்படி?

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இந்த ஆங்கிலச் சொல்லில் வந்து நின்றுவிடுவார்கள். மருத்துவமனைத் துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்திருக்கும். நான்காவது வரியில் ‘பிரிஸ்கிரைப்’ இருக்கும். அகராதியைத் திறந்தால் பரிந்துரை, விதி, வகுத்துரை, கட்டளையிடு என்று நாலைந்து சொற்கள் வரிசை கட்டி நிற்கும். முதலில் இருப்பதை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் கை பரபரக்கும்.

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். காசநோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றில் ‘பரிந்துரைக்கப்பட்ட காலம் முழுவதும் மாத்திரைகளை உட்கொள்ளவும்’ என்று எழுதினேன். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அச்சாகி வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். “பரிந்துரைன்னா சிபாரிசுதானே தம்பி? அப்போ நடுவுல நிறுத்தினாலும் பரவாயில்லையா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. வழக்கமான காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்துவிடும், உடம்பு தேறிவிடும். நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வரும். அப்படி நிறுத்தினால் மீதமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ‘நிறுத்தாதே’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘நிறுத்தினாலும் பரவாயில்லை’ என்று கேட்கும்படியான ஒரு வினைச்சொல்லை நான் வைத்திருந்தேன்.

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்துக் கொடுக்கும் சிகிச்சையையும் வீட்டிலேயே மருந்து சாப்பிடும் சிகிச்சையையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் அதற்குச் சமமாகவே பலன் தருகிறது என்ற முடிவை 1959-இல் வெளியிட்டது. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் வீட்டுக்கு இடம் மாற அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். வீட்டில் மருந்து சாப்பிடுகிறவர் பக்கத்தில் செவிலியர் இருக்கமாட்டார். கையில் இருக்கும் காகிதம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மூன்று கேள்விகள்

ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் மருத்துவருக்கும் பொருந்துகிறது, சட்டத்துக்கும் பொருந்துகிறது, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கும் பொருந்துகிறது. தமிழில் அந்த வேலையை ஏழெட்டு வினைகள் பங்கு போட்டுச் செய்கின்றன. அதனால் அகராதிக்குப் போகும் முன் வாக்கியத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

சொல்வது யார்? எதைப் பற்றிச் சொல்கிறார்? கேட்காமல் விட்டால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கேட்காவிட்டால் உடம்பு கெடும், அபராதம் விழும், விண்ணப்பம் திரும்பி வரும், ஒன்றுமே ஆகாது – இந்த நான்குக்கும் தமிழில் நான்கு வேறு வினைகள் இருக்கின்றன.

மருந்து என்றால் ‘எழுதிக் கொடு’

அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரில் ‘முன்’, ‘எழுது’ என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. மருந்துச் சீட்டின் தலையில் ஆர் எழுத்தின் காலைக் குறுக்கே கீறியதுபோல ஒரு குறி இருக்குமே, அதுவும் லத்தீன்தான். ‘எடுத்துக்கொள்’ என்ற ஏவலின் சுருக்கம். மருந்து கலப்பவருக்கு மருத்துவர் எழுத்தில் இட்ட ஏவல் அது.

நம் மக்கள் லத்தீன் படிக்காமலேயே சரியான இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ‘டாக்டர் என்ன எழுதிக் குடுத்தாரு?’ என்றுதான் ஊரே கேட்கிறது. எழுதுவதும் இருக்கிறது, நோயாளி கையில் கொடுப்பதும் இருக்கிறது. இதை எழுத்து நடைக்குக் கொண்டுவர ஒரு தடையும் இல்லை:

மருத்துவர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.
அப்பாவின் ரத்தக் கொதிப்புக்கு எழுதிக் கொடுத்த மருந்தை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.
இருமல் நிற்கவில்லை என்றதும் மருந்தை மாற்றி எழுதினார்.

‘எழுது’ என்ற வினை மாத்திரையோடு நிற்பதில்லை. களிம்பு, சொட்டு மருந்து, ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, கண்ணாடிக்குப் பவர் எல்லாவற்றையும் எழுதலாம். ‘ஸ்கேன் எழுதியிருக்கிறார்’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. சீட்டில் எழுதி, வேறொரு இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிற எதற்கும் இது பொருந்தும்.

‘மருந்து கொடுத்தார்’ என்று சுருக்கிவிடாதீர்கள். சிறிய ஊர்களில் பல கிளினிக்குகளில் மருத்துவரே மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுத் தருவார். அங்கே ‘கொடுத்தார்’ என்றால் கொடுத்தேவிட்டார். ‘எழுதிக் கொடுத்தார்’ என்றால் கடைக்குப் போய் வாங்க வேண்டும். வாசகர் தன் பையில் தேட வேண்டுமா, கடைக்குக் கிளம்ப வேண்டுமா என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஒற்றைக் கவனியுங்கள். ‘எழுதி கொடுத்தார்’ என்று இப்போது எங்கும் பார்க்கிறேன். ‘எழுதிக் கொடுத்தார்’, ‘எழுதித் தந்தார்’ என்று வலி மிக வேண்டும்.

இலங்கை வாசகர்களுக்கு எழுதும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே அலோபதி மருத்துவரும் வைத்தியர்தான், மருத்துவமனையும் வைத்தியசாலைதான். தமிழ்நாட்டில் ‘வைத்தியர்’ என்றால் சித்த வைத்தியரோ நாட்டு வைத்தியரோதான் நினைவுக்கு வருவார். ‘வைத்தியர் எழுதித் தந்த மருந்து’ என்ற அதே வாக்கியம் இரண்டு கரையிலும் இரண்டு மருந்துக் கடைக்குக் கூட்டிப்போகும்.

வேற்றுமை உருபில் ஒரு சின்னச் சிக்கல் வரும். யாருக்கு எழுதினார் என்பதற்கும் ‘கு’, எந்த நோய்க்கு என்பதற்கும் ‘கு’. பேச்சில் ‘பாட்டிக்குச் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க’ என்று சொல்லிவிடுகிறோம், குரல் சரிசெய்துவிடுகிறது. எழுத்தில் ஒன்றை மாற்றிவிடுங்கள்: ‘பாட்டியின் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.’

‘பட்ட’ வேண்டாம்

புதிதாக எழுத வருகிறவர்களிடம் நான் அதிகம் திருத்துவது இதைத்தான். மூலத்தில் செயப்பாட்டு வினை இருந்தால் தமிழிலும் அதையே போட்டுவிடுகிறார்கள்: ‘மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளை மட்டுமே உட்கொள்ளவும்.’ வாசகர் ‘ஆல்’ உருபைத் தாண்டி, ‘கப்பட்ட’வைத் தாண்டி மருந்துக்கு வர வேண்டியிருக்கிறது.

தமிழில் பெயரெச்சம் என்ற அருமையான கருவி இருக்கிறது. ‘மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் சாப்பிடுங்கள்.’ யார் செய்தது என்பது முன்னால் நிற்கிறது, செயல் நடுவில், பொருள் கடைசியில். கப்பல்போல நகரும் வாக்கியம் நடக்கத் தொடங்கிவிடும். ‘ஆல்’ உருபும் ‘பட்ட’ விகுதியும் ஒன்றாக வரும் இடத்தையெல்லாம் ஒரு முறை பெயரெச்சமாக மாற்றிப் பாருங்கள். பத்தில் எட்டு இடத்தில் மாறும். செய்தவர் யார் என்று தெரியாத இடத்தில், அல்லது அவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் மட்டும் ‘பட்ட’ இருக்கட்டும்.

சீட்டு

பெயர்ச்சொல்லுக்கு ‘மருந்துச் சீட்டு’ போதும். ‘மருத்துவப் பரிந்துரைச் சீட்டு’ என்று நீட்டினால் கடைக்காரருக்கும் புரியாது, நோயாளிக்கும் புரியாது. அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று வாங்கும் ஓ.பி. சீட்டு வேறு, அதோடு குழப்பம் வராமல் இருக்கத்தான் ‘மருந்து’ என்ற அடைமொழி வேண்டியிருக்கிறது.

மருந்து அட்டையின் பின்னால் இருக்கும் எச்சரிக்கையை மொழிபெயர்க்கும் வேலை அடிக்கடி வரும். இந்தியாவில் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-இல் வந்தது. அதன் விதிகள் 1945-இல் வந்தன. அந்த விதிகளின் ‘எச்’ அட்டவணையில் இருக்கும் மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அந்த எச்சரிக்கையை இப்படி எழுதலாம்: ‘பதிவு பெற்ற மருத்துவரின் மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே சில்லறையாக விற்க வேண்டும்.’ இதையே ‘மருத்துவரின் பரிந்துரையின் பேரில்’ என்று எழுதினால், டாக்டர் போனில் வாயால் சொன்னாலும் போதும் என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ‘சீட்டு’ என்றால் காகிதம் வேண்டும்.

2013-இல் ‘எச் 1’ என்று இன்னொரு அட்டவணை சேர்ந்தது. சில வலுவான ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அதில் இருக்கின்றன. அவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்த விதியை ‘பரிந்துரைத்த மருத்துவர்’ என்று எழுதிப் பாருங்கள். யாரோ ஒருவருக்குச் சிபாரிசு செய்த மருத்துவர்போலக் கேட்கிறது.

சீட்டில் இருக்கும் 1-0-1 என்பதையும் துண்டறிக்கையில் அப்படியே விடாதீர்கள். ‘காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மதியம் கிடையாது’ என்று எழுதிவிடுங்கள். ‘மதியம் கிடையாது’ என்பதைத் தனியாகச் சொல்வது மிகையல்ல. நடுவில் இருக்கும் சுழியத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர்.

ஓய்வு, சாப்பாடு, நடை: இங்கே ‘சொல்’

‘மருத்துவர் அவருக்கு ஒரு வார ஓய்வைப் பரிந்துரைத்தார்’ என்று எழுதியவரிடம், வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். ‘டாக்டர் ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்’ என்றார். விடை அவரிடமே இருந்தது.

செய என்னும் எச்சத்தோடு ‘சொல்’ சேர்ந்தால் அது தமிழில் நல்ல கட்டளை. உப்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொன்னார். ‘சொன்னார்’ என்பது வலுக் குறைந்த சொல் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ‘டாக்டர் சொல்லியிருக்கார்’ என்பது நம் வீடுகளில் மறுபேச்சில்லாத வாக்கியம். செய்தி நடைக்கு இன்னும் கொஞ்சம் விறைப்பு வேண்டுமென்றால் ‘அறிவுறுத்தினார்’ இருக்கிறது.

சித்த மருத்துவம் பற்றி எழுதினால் ‘பத்தியம்’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். மருந்தோடு சேர்த்து எதைச் சாப்பிடலாம், எதை விலக்க வேண்டும் என்று வைத்தியர் வகுத்துச் சொல்லும் உணவு ஒழுங்கு அது. ‘வைத்தியர் உணவுக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தார்’ என்று நீட்டுவதைவிட ‘வைத்தியர் பத்தியம் இருக்கச் சொன்னார்’ என்றால் முடிந்தது.

‘பரிந்துரை’யை அதன் இடத்தில் வையுங்கள்

‘பரிந்துரை’ நல்ல சொல். பரிந்து உரைப்பது, அதாவது ஒருவருக்காக, ஒன்றுக்காக ஆதரவாகப் பேசுவது. முடிவெடுக்கும் உரிமை கேட்பவரிடம் இருக்கும். அந்த உரிமை அவரிடம் இருக்கிற இடத்தில் மட்டும் இந்தச் சொல்லை வையுங்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மண்டல் குழு. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலைகளில் 27 விழுக்காடு இடஒதுக்கீடு தரலாம் என்று அந்தக் குழு 1980-இல் கொடுத்த அறிக்கையில் பரிந்துரைத்தது. வி.பி. சிங் அரசு 1990 ஆகஸ்ட்டில் அதற்கு ஆணை பிறப்பித்தது. பரிந்துரைக்கும் ஆணைக்கும் நடுவே கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் கிடக்கின்றன. குழு பரிந்துரைக்கும், அரசு ஏற்கலாம், கிடப்பில் போடலாம், நிராகரிக்கலாம். அதுதான் இந்தச் சொல்லின் இயல்பு. காசநோய் மருந்துக்கு அந்த இயல்பு பொருந்துமா?

மருத்துவத்திலும் இதற்கு இடம் உண்டு. ஒரு மருத்துவர், ‘இதற்கு இன்னாரிடம் காட்டுங்கள்’ என்று வேறொரு நிபுணரிடம் அனுப்பினால், அவரைப் பரிந்துரைத்தார் என்று எழுதலாம். அறுவை சிகிச்சை செய்துகொள்வதா, மருந்தோடு பார்ப்பதா என்று நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும் என்ற நிலையில் ‘அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தார்’ என்பது துல்லியமான வாக்கியம்.

வடிவங்கள்: பரிந்துரைத்தார், பரிந்துரைக்கிறார், பரிந்துரைப்பார். ‘பரிந்துரை செய்தார்’ என்றும் எழுதலாம். ‘பரிந்துரைந்தார்’ என்று ஒரு வடிவம் இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன் என்பதால் சொல்கிறேன்.

‘மருத்துவர் பரிந்துரைத்த மருந்து’ என்பது பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது, அதைப் பிழை என்று சொல்ல முடியாது. செய்தியில் வந்தால் நான் திருத்தமாட்டேன். நோயாளி கையில் போகும் காகிதத்தில் வந்தால் திருத்துவேன்.

‘விதி’க்கப் பிடித்த பொருட்கள்

‘விதி’ என்ற வினைக்குப் பின்னால் அதிகாரம் நிற்கிறது. மீறினால் விளைவு உண்டு. பெரும்பாலும் கேட்பவர் விரும்பாத ஒன்றைத்தான் அது கூட்டிவரும்: வரி, அபராதம், தண்டனை, தடை, நிபந்தனை, கட்டுப்பாடு, கெடு.

ஒரு முறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது.
பொது இடத்தில் புகை பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.
நீதிமன்றம் இரண்டு நிபந்தனைகளை விதித்து ஜாமீன் கொடுத்தது.
கடனை அடைக்க மாத இறுதி வரை கெடு விதித்தார்.

உருபு பொருளுக்குப் பொருள் மாறும். தடை, தண்டனை, அபராதம் ஆகியவற்றுக்குக் ‘கு’: நிறுவனத்துக்கு அபராதம், பிளாஸ்டிக்குக்குத் தடை. வரிக்குக் ‘கு’வும் வரும், ‘மீது’ம் வரும். ‘பிளாஸ்டிக் மீது தடை’ என்று எழுதுவது ஆங்கிலத்தின் நிழல், ‘கு’ போதும்.

இதே சொல்லுக்குத் தலைவிதி என்ற பொருளும் இருப்பதால் மருந்தோடு இதைச் சேர்க்க முடியாது. ‘எனக்கு விதித்தது இவ்வளவுதான்’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிற மொழி நம்முடையது. ‘மருத்துவர் மாத்திரையை விதித்தார்’ என்று எழுதினால் மாத்திரை தண்டனையாகிவிடும்.

பழைய உரைநூல்களில் ‘விதித்தல்’, ‘விலக்கல்’ என்று ஒரு ஜோடி வரும். செய்யச் சொன்னது விதி, செய்யாதே என்றது விலக்கு. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்த ஜோடி நன்றாக உதவும். ஏனென்றால் ‘பிரிஸ்கிரைப்’புக்குப் பக்கத்திலேயே ‘புரோஸ்கிரைப்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஒலியில் சின்ன வித்தியாசம், பொருளில் நேர் எதிர். அதற்குத் தடை செய், விலக்கு. வேகமாகத் தட்டச்சு செய்த மூலப் பிரதிகளில் ஒன்றுக்கு மற்றொன்று வந்துவிடும். வாக்கியத்தின் பொருள் திடீரென்று தலைகீழானால் எழுத்தைத் திரும்பப் பாருங்கள்.

சட்ட உலகத்தில் யார் என்ன செய்கிறார்

இங்கே ஒவ்வொரு செயலுக்கும் தனி வினை உண்டு. கலந்தால் வழக்கறிஞர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நாடாளுமன்றம் சட்டம் இயற்றும். அந்தச் சட்டத்தின் கீழ் அரசு விதிகளை வகுக்கும். ஆணை பிறப்பிக்கும். அறிவிக்கை வெளியிடும். நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும். ‘விதிகளை விதித்தது’ என்று எழுதினால் காதிலும் இடிக்கும், பொருளிலும் இடிக்கும். விதியை வகுப்பார்கள், விதியை மீறினால்தான் அபராதம் விதிப்பார்கள்.

புகையிலையையே எடுத்துக்கொள்வோம். நாடாளுமன்றம் 2003-இல் சட்டம் இயற்றியது. பொது இடத்தில் புகைபிடிப்பது குறித்து அரசு வகுத்த விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. மீறுகிறவருக்கு அலுவலர் அபராதம் விதிக்கிறார். ஒரே கதையில் மூன்று வினை, மூன்று ஆட்கள்.

விலைக்கு ‘நிர்ணயி’. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. எல்லைக்கும் பொருளுக்கும் ‘வரையறு’. பாடத்திட்டத்துக்கு நம்மிடம் இன்னும் எளிய வழக்கு ஒன்று உண்டு: அந்த நாவலைப் பி.ஏ. வகுப்புக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ‘பாடநூலாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால், படிக்காமலும் தேர்வு எழுதலாமோ என்று மாணவர் நினைத்துவிடுவார்.

சட்டப் பிரதியையே மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டுச் சட்டத் தமிழில் ‘வகுத்துரைக்கப்பட்ட’ என்பது நிலைத்த சொல். விதிகளில் சொல்லியிருக்கிறபடி என்று அதற்குப் பொருள். இலங்கைச் சட்டங்களில் ‘விதித்துரைக்கப்பட்ட’ என்று இருக்கும். அதை மாற்றக் கூடாது. ஆனால் அதே சட்டத்தைப் பற்றிப் பொதுமக்களுக்குக் கையேடு எழுதும்போது ‘வகுத்துரைக்கப்பட்ட படிவத்தில்’ என்று எழுத வேண்டியதில்லை. ‘உரிய படிவத்தில்’ போதும். அதைவிட நல்லது, படிவத்தின் எண்ணையே எழுதிவிடுவது.

மருத்துவமும் சட்டமும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் இடங்களில் இரண்டு வினைகளையும் பிரித்து வைத்தால் தெளிவு வந்துவிடும். மருத்துவர்கள் ஜெனரிக் பெயரில் (நிறுவனம் வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில்), படிக்கும்படியாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மருந்து எழுத வேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவ கவுன்சில் தன் ஒழுங்குமுறைகளைத் திருத்தியது. 2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டு, அதே மாதத்தில் அவற்றை நிறுத்தி வைத்தது. இதில் மருத்துவர் செய்வது ‘எழுதுவது’. அமைப்பு செய்வது ‘திருத்துவது, வெளியிடுவது, நிறுத்தி வைப்பது’. மூலத்தில் இரண்டுக்கும் அந்த ஒரே ஆங்கில வினை வந்தாலும் தமிழில் அதை இரண்டாக்கிவிடுங்கள்.

வேண்டும், வேண்டாம், கூடாது

வினையைத் தேர்ந்தாயிற்று. அப்புறம், விதியைச் சொல்லும் வாக்கியம் எப்படி முடிய வேண்டும்? மருத்துவத் தமிழில் மிகவும் ஆபத்தான சொல் எது என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வேன்.

‘காய்ச்சல் இல்லையென்றால் இந்த மாத்திரை சாப்பிட வேண்டாம்.’ இதற்கு இரண்டு பொருள். சாப்பிட அவசியமில்லை, சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்பது ஒன்று. சாப்பிடவே கூடாது என்பது மற்றொன்று. பேச்சில் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். காகிதத்துக்கு முகம் கிடையாது. அதனால் அவசியமில்லை என்றால் ‘சாப்பிட வேண்டியதில்லை’. தடை என்றால் ‘சாப்பிடக் கூடாது’. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கைச் சாப்பிடும் நாட்களில் மது அருந்தக் கூடாது. அங்கே ‘வேண்டாம்’ என்று மரியாதையாகச் சொல்லும் நேரமல்ல.

செய்யச் சொல்லும் பக்கத்திலும் இதே படிநிலை உண்டு. ‘சாப்பிடலாம்’ என்றால் விருப்பம். வலி இருந்தால் மட்டும் என்ற பொருளில் சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால் அதற்கு இதுதான் சரி: ‘வலி இருந்தால் ஒன்று சாப்பிடலாம்.’ ‘சாப்பிடவும்’ என்பது அலுவலகத்து மரியாதைக் கட்டளை; வியங்கோள் சாயல் கொண்டது. ‘வரிசையில் வரவும்’, ‘காலணிகளை வெளியே விடவும்’ போன்ற அறிவிப்புப் பலகைகளுக்கு அழகாகப் பொருந்தும். ‘சாப்பிடுங்கள்’ என்பது நேரில் பேசும் குரல். நோயாளிக்கான காகிதத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். ‘சாப்பிட வேண்டும்’ என்றால் கட்டாயம். ஒரே துண்டறிக்கையில் நான்கையும் கலந்து போட்டால், எது கட்டாயம் எது விருப்பம் என்று வாசகருக்குத் தெரியாமல் போகும். ‘சாப்பிடுங்கள்’ என்ற குரலில் தொடங்கினால் அதே குரலில் போய், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று அழுத்துங்கள். அழுத்தம் அரிதாக இருந்தால்தான் கண்ணில் படும்.

கை பழக

கீழே உள்ளவை என்னிடம் வந்த பிரதிகளில் இருந்த வாக்கியங்களின் சாயலில் எழுதியவை. முதலில் நீங்களே திருத்திப் பாருங்கள். பிறகு என் வடிவத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுடையது வேறாக இருந்து, அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னால், அதுவும் சரிதான்.

‘மருத்துவரால் விதிக்கப்பட்ட மருந்துகளை முழுமையாக உட்கொள்ளவும்.’ – மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை, உடம்பு தேறினாலும் நிறுத்தாமல், சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள்.

‘அவருக்குப் பிசியோதெரபி விதிக்கப்பட்டது.’ – மருத்துவர் அவரைப் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்.

‘விண்ணப்பம் பரிந்துரைக்கப்பட்ட கட்டணத்துடன் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.’ – விண்ணப்பத்தோடு உரிய கட்டணத்தையும் செலுத்த வேண்டும். தொகை தெரிந்தால் தொகையை எழுதுங்கள்.

‘குழு புதிய விதிகளை விதித்தது.’ – குழுவுக்கு அதிகாரம் இருந்தால், புதிய விதிகளை வகுத்தது. இல்லையென்றால், புதிய விதிகளைப் பரிந்துரைத்தது. இதை முடிவு செய்ய மூலத்தைப் படித்தால் மட்டும் போதாது. அந்தக் குழு எந்தச் சட்டத்தின் கீழ் அமைந்தது என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. எழுதி முடித்த பக்கத்தை, அந்த நோயோ அந்தச் சட்டமோ தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று இதில் போட்டிருக்கிறது?” என்று கேளுங்கள். என் துண்டறிக்கையின் அடுத்த பதிப்பை அதே அக்காவிடம்தான் முதலில் கொண்டுபோனேன். அதில் அந்த வரி இப்படி இருந்தது: ‘டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஆறு மாதமும் சாப்பிட வேண்டும். இருமல் நின்றாலும் நடுவில் நிறுத்தக் கூடாது.’ படித்து முடித்ததும் அவர் கேட்டது, “சரி, ஒரு நாள் மறந்துட்டா என்ன பண்றது?” என்பதுதான். அதற்கான பதிலை மருத்துவரிடம் கேட்டு, அந்த வரிக்குக் கீழேயே சேர்த்தேன்.